துரை குடித்த சொம்பு

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் இப்போதும் தண்ணீர் இருக்கிறது. எட்டிப் பார்த்தால் தெரியும். கயிற்றில் குடம் கட்டிச் சேந்திக் குடிக்கலாம். பயிருக்கு மட்டும் அது ஏறாது. மாடுகள் இறங்கி ஏறித் தண்ணீர் இழுத்த சரிவின் நடுவில் மின்சாரக் கோபுரம் ஒன்று நாலு கால்களையும் ஊன்றிக்கொண்டு நிற்கிறது. அதை அங்கே நிறுத்தியது யார் என்று எங்கள் அய்யனைக் கேட்டால் ஒரு பதில் சொல்வார். எங்கள் பக்கத்தில் தகப்பனை அய்யன் என்போம். அவர் சொல்லும் அந்தப் பதில் காதில் விழும்போதெல்லாம் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது.

ஆற்றுத் தண்ணீரில் விவசாயம் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு எங்கள் கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ராசிபுரத்துக்குத் தெற்கே எல்லாம் கவலைக் கிணறுகள்தான். வடத்தின் ஒரு நுனியில் தோல்பறி, மறுநுனியில் ஒரு ஜோடி மாடு. மாடுகள் சரிவில் இறங்கினால் பறி நிரம்பி மேலே வரும். பின்னுக்கு ஏறினால் பறி கிணற்றுக்குள் போகும். கிணறு எவ்வளவு ஆழமோ அவ்வளவு நீளம் சரிவும் வேண்டும். சரிவு போனால் கிணறு போன மாதிரிதான். வேறு பக்கம் வெட்டிக்கொள்ளலாமே என்றால், எங்கள் கிணற்றுக்குக் கிழக்கே பாறை, வடக்கே பங்காளி நிலம், தெற்கே வண்டிப்பாதை. மேற்குப் பக்கம் ஒன்றுதான். எங்கள் ராகியும் மிளகாயும் வாழையும் அந்த மேற்குச் சரிவை நம்பித்தான் விளைந்தன.

நான் எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன். சேலத்தில் தங்கி இன்டர்மீடியட் வரை முடித்து, வேலைக்கு மனுப் போட்டுவிட்டு ஊரில் காத்திருந்த வருஷம் அது. மேட்டூரில் அணை கட்டி முடிந்திருந்தது. அங்கே உண்டாகும் மின்சாரத்தை ஊர் ஊராகக் கொண்டுபோகக் கம்பி இழுக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. பேச்சு வந்த கொஞ்ச நாளில், ஒரு காலையில் மாடு கட்டப் போன அய்யன் சரிவின் நடுவில் சுண்ணாம்பு பூசிய முளைகள் நிற்பதைப் பார்த்தார்.

"எவன்டா அவன், என்ற கெணத்து மேட்டுல வந்து முளை அடிச்சவன்?" என்று அவர் போட்ட சத்தத்தில் மாடுகள் மிரண்டன.

அய்யன் அப்படிப்பட்டவர். யார் முன்னாலும் குனிந்து நான் பார்த்ததில்லை. தாலுகா ஆபீஸிலிருந்து சேவகன் வந்தால்கூட மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட மாட்டார். அதனால்தான் பின்னால் நடந்ததைக் கண்ணால் பார்த்தும் நம்ப முடியவில்லை.

அடுத்த வாரமே லாரியில் இரும்புச் சட்டங்கள் வந்து இறங்கின. கூடவே ஒரு வெள்ளைக்காரன் வந்தான். வெயிலில் வெந்த கழுத்து, முழங்காலோடு நின்ற கால்சட்டை, வாயில் சுருட்டு, பின்னால் காது தொங்கும் பழுப்பு நாய். இரும்பு விற்ற கம்பெனி அனுப்பிய போர்மேன் அவன். முளை அடித்த இடத்தில் சட்டங்களைப் பூட்டி முடுக்கவைப்பது அவன் வேலை. இதை அவனே முதல் நாள் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னான். ஊர் அவரைத் துரை என்றது. நான் அவன் என்றே எழுதுகிறேன்.

அவன் எங்கள் வேப்பமரத்து நிழலைத் தேடி வந்ததுதான் தாமதம், அய்யனின் வேட்டி தானாக இறங்கியது. தலைத்துண்டு கக்கத்துக்குப் போனது. எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. மணியக்காரர் வீட்டுக்கு ஆளை ஓட்டி நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அது வரும்வரை அவன் நின்றான், அய்யனும் நின்றார், அய்யன் முகத்தில் ஒரு சிரிப்பும் நின்றது. உதடு மட்டும் இழுத்துக்கொண்டு நிற்கிற சிரிப்பு. அது அவருக்குச் சொந்தமானதில்லை. எங்கிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"தொரைக்குத் தண்ணி கொண்டா புள்ளே! பெரிய சொம்புல கொண்டா!"

யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பாதிதான் உண்மை. வேலைக்கு வருகிற ஆட்களுக்கு வாசலுக்கு வெளியே கையில்தான் ஊற்றுவார்கள். அம்மா பிறந்த வீட்டுச் சீராகக் கொண்டுவந்த பெரிய வெண்கலச் சொம்போ, சம்பந்திமார் வந்தால்தான் பெட்டியை விட்டு வெளியே வரும். அது அன்றைக்கு வந்தது.

அவன் அதை எச்சில்பட வாய் வைத்துக் குடித்தான். பாதி குடித்துவிட்டு மீதியைத் தரையில் வைத்தான். நாய் சொம்புக்குள் மூக்கை விட்டுச் சளக் சளக்கென்று நக்கியது. நாக்கு எட்டாமல் போனதும் அவன் சொம்பைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.

அம்மா சாம்பலும் புளியும் எடுக்க அடுப்படிக்குத் திரும்பினாள். அய்யன் பல்லைக் கடித்துக்கொண்டு, "எங்க போற? இப்பத் துலக்கப்போறியாக்கும்? தொரை பாத்தா என்ன நெனைப்பாரு?" என்றார்.

"நாயி வாய் வெச்சதுங்க."

"தொரை ஊட்டு நாயி. பேசாம உள்ள வெய்யி."

சொம்பு துலக்காமல் பெட்டிக்குப் போனது. அம்மாவின் முகம் கோணியதை நான் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து சைக்கிளில் ஒருவர் வந்தார். நல்ல கறுப்பு. தலையில் தக்கைத் தொப்பி, கால்சட்டை முழுக்கச் செம்மண். இந்தப் பகுதியில் கோபுரம் எங்கெங்கே நிற்கவேண்டும் என்று முடிவுசெய்கிற சர்க்கார் இன்ஜினியர் அவர்தான். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், சென்னையில் படித்தவர். அய்யன் கட்டிலில் உட்கார்ந்தபடியே அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க என்ன ஆளுங்க?"

"நான் இன்ஜினியருங்க."

"அது சரிங்க. என்ன ஆளுங்கன்னு கேட்டனுங்க."

சாதியைத்தான் கேட்கிறார் என்று அவருக்குத் தெரியாமலில்லை. கையிலிருந்த வரைபடத்தை விரித்தார். அம்மா வாசலில் தயங்கி நின்றாள். எந்தப் பாத்திரத்தில் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவேண்டுமே. "தண்ணீர் வேண்டாங்க, தாகமில்லை" என்றார் அவர். சித்திரை வெயிலில் ராசிபுரத்திலிருந்து மிதித்து வந்த மனிதர். மாட்டை வெட்டித் தின்கிற வெள்ளைக்காரனிடம் எங்கள் வீட்டில் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

நான் அவரைக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சரிவைக் காட்டினேன். முளையைக் காட்டினேன். அவர் கையிலிருந்த வரைபடத்தில் கிணறு சின்ன வட்டமாக இருந்தது. முளை அதிலிருந்து தள்ளியே இருந்தது. சரிவு வரைபடத்தில் இல்லவே இல்லை.

"எங்கள் ஊரில் வாய்க்காலில் தண்ணீர் தானாக வரும் தம்பி. இது எனக்குத் தெரியாது. மாட்டைக் கட்டி ஒரு நடை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்" என்றார்.

எங்கள் பண்ணையாள் ஓட்டிக் காட்டினார். மாடுகள் முளைக்கு நேரே வந்து நின்று அதை முகர்ந்து பார்த்தன. இன்ஜினியர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"மாற்றிவிடலாம். உங்கள் சோளக்காட்டு மூலைக்குத் தள்ளிவிடலாம். ஆனால் அதுவும் உங்கள் அப்பா நிலம். முளையை அங்கே மாற்ற அவர் சம்மதம் வேண்டும். ரோட்டோரக் கூடாரத்துக்கு வந்து ஒரு கைநாட்டு வைத்துவிட்டுப் போகட்டும். குழி தோண்டிக் கான்கிரீட் கொட்டுவதற்குள் வந்துவிடவேண்டும். கொட்டிவிட்டால் என்னாலும் முடியாது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிவந்து அய்யனிடம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"அந்தக் கறுப்பங்கிட்டப் போயி நான் கைநாட்டு வெக்கோணுமா? சோளக்காட்டையும் சேத்து எழுதி வாங்கிக்கறதுக்கா?"

"அவருதானுங்கய்யா ஆபீசரு. வெள்ளைக்காரன் வெறும் மேஸ்திரிங்க."

"ஏன்டா, ஒரு மேஸ்திரிக்கு அந்த நெறம் இருக்குமாடா? அந்த நாயப் பாத்தியா, அதுக்கே கழுத்துல தோலுப்பட்டை போட்டிருக்குது. போடா, தொரையப் புடிச்சாச்சு. அவரு ஒரு வார்த்த சொன்னா அந்தக் கறுப்பன் முளையப் புடுங்கித் தோள்ல வெச்சுக்கிட்டு ஓடுவான்."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் கோழி அடித்தார்கள். ராசிபுரம் சந்தைக்குப் போகவேண்டிய நெய் அவன் கூடாரத்துக்குப் போனது. அவன் வருவான், நாற்காலியில் சாய்வான், கோழிக்காலைக் கடிப்பான். எண்ணெய் மோவாயில் வழியும். எலும்பை நாய்க்குப் போடுவான். அய்யன் எதிரே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் அவன் போனபிறகுதான் சாப்பிடுவோம். எனக்கு அந்தக் குழம்பு இறங்காது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யன் என்னை முன்னால் தள்ளினார். "கேளுடா. கெணத்த விட்டுப் போட்டுக் கோபுரத்த அக்கட்டால தள்ளி வெக்கச் சொல்லி நல்லாக் கேளு."

நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் கேட்டேன். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, முளை எங்கே இருக்கிறதோ அங்கே இரும்பை நிறுத்துவதோடு தன் வேலை முடிந்தது என்றான். அப்புறம் அய்யனின் தோளைத் தட்டி, "உன் அப்பா நல்ல மனிதர் பையா" என்றான்.

"என்ன சொல்றாரு?"

"தனக்கு அதிகாரமில்லைங்கறாருங்க. இன்ஜினியரத்தான் கேக்கோணுமாமுங்க."

அய்யன் என்னை முறைத்தார். "ஏன்டா, சிரிச்சுக்கிட்டே சொன்னாரே, தோளத் தொட்டாரே, நான் பாக்கலையா? முடியாதுன்னு சொல்றவன் தோளத் தொடுவானா? உன்ற இங்கிலீசு அவ்வளவுதான். சேலத்துல வெட்டியாக் காசக் கரைச்சிருக்கற."

அந்த வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரியும். அய்யன் தன்னைப் பெரிய அதிகாரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவனுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. அதை நானே அவனிடம் சொன்னேன். அதற்கு அவன் சொன்னதைக் கேளுங்கள். அவன் ஊரில் அவன் தகப்பன் பூமிக்கடியில் கரி வெட்டுகிற கூலியாம். சுரங்க முதலாளியின் குதிரைவண்டி தெருவில் போனால் தகப்பனும் பிள்ளைகளும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரம் நிற்பார்களாம். "இங்கே வந்தேன். எனக்காக நீங்கள் கழற்றுகிறீர்கள். நான் எதற்கு வேண்டாம் என்று சொல்லவேண்டும்?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கோழிக்கால் எடுத்துக்கொண்டான்.

இதையும் அய்யனிடம் சொன்னேன். "பெரிய மனுசங்க அப்பிடித்தான் வெளையாட்டாப் பேசுவாங்க" என்றார்.

ஒருநாள் மூன்று பேரும் எங்கள் வேப்பமரத்தடியில் ஒன்றாக இருக்கும்படி ஆயிற்று. இன்ஜினியர் குழி தோண்ட நாள் குறிக்க வந்திருந்தார். அவன் ஏற்கனவே நாற்காலியில் இருந்தான். நான் அவருக்குக் கட்டிலை இழுத்துப் போடப் போனேன். அய்யன் என் கையைப் பிடித்து அழுத்தினார். இன்ஜினியர் வெயிலில் நின்றுகொண்டே பேசினார். அவன் காலை நீட்டிக்கொண்டு, அவர் பெயரை மொட்டையாகச் சொல்லி அதட்டினான். அவர் அவனை 'சார்' என்றார்! கம்பெனி வேலை சரியாக முடிந்தது என்று கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர், அந்தக் கையெழுத்துக்குக் காத்திருக்கிறவனை.

சைக்கிள்வரை கூடப் போனபோது கேட்டேவிட்டேன். "நீங்கள்தானே சார் மேலதிகாரி? அவனை எதற்கு சார் என்கிறீர்கள்?"

அவர் தொப்பியின் பட்டையைச் சரிசெய்தார். "போன வருஷம் ஒரு வெள்ளைக்காரனை அப்படிச் சொல்லாமல் விட்டுப் பார்த்தேன் தம்பி. எனக்கும் அவனுக்கும் ஒத்துப்போகவில்லை என்று மேலே எழுதினார்கள். மாற்றல் எனக்குத்தான் வந்தது." பெடலில் கால் வைத்தவர் திரும்பினார். "திங்கட்கிழமை குழி. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் எழுதிக்கொள்கிறேன், அவர் என்னிடம் பேசக்கூட வேண்டாம்."

அவர்மேல் இரக்கம் வரவில்லை எனக்கு, எரிச்சல்தான் வந்தது. நின்றுகொண்டே பேசினால் எங்கள் அய்யன் எப்படி நம்புவார்?

ஞாயிற்றுக்கிழமை முழுதும் அய்யனிடம் மன்றாடினேன். அம்மாவும் கேட்டாள். "ஒரு எட்டுப் போயிட்டுத்தான் வாங்களேன். உங்க காலு தேஞ்சா போயிரும்?" அவர் அசையவில்லை. திங்கட்கிழமை காலையில் நானே தனியாகக் கூடாரத்துக்கு நடந்தேன். என் கையெழுத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். "நிலம் உங்கள் பேரில் இல்லையே தம்பி" என்றார் இன்ஜினியர். குழி வெட்டுவதை நாலு நாள் தள்ளிப்போட்டுக் கொடுத்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். அந்த நாட்களில் அய்யன் செய்தது, இரண்டு சேவல்களைக் கால் கட்டி வெள்ளைக்காரன் கூடாரத்துக்கு அனுப்பியது.

பிறகு கடப்பாரைகள் சரிவில் இறங்கின. அய்யன் முதலில் பதறவில்லை. சும்மா ஒப்புக்குத் தோண்டுகிறார்கள், துரை வந்து நிறுத்துவார் என்று கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். கூலிப்பெண்கள் சட்டி சட்டியாகக் கான்கிரீட் கலவையைக் கொண்டுபோய்க் குழியில் கொட்ட ஆரம்பித்த பிறகுதான் எழுந்தார். ஓட்டமும் நடையுமாகப் போனார். நானும் பின்னால் ஓடினேன். அவன் குழியோரத்தில் நின்று சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்தான்.

"தொரை! சாமி! என்ற கெணறுங்க! உங்களத்தானுங்க நம்பியிருந்தேன்!"

அவன் திரும்பிப் பார்த்தான். அலுத்துப்போனவன்போலச் சுருட்டைக் கையில் எடுத்து, அந்தச் சுருட்டாலேயே அந்தப் பக்கம் சுட்டினான். அங்கே இன்ஜினியர் நின்றிருந்தார். அவரைக் கேள் என்பதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அய்யன் அந்தப் பக்கம் போனார். துண்டு கக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அவர் குனியவில்லை. அழுகையும் அதிகாரமும் கலந்த குரலில், "நிறுத்தச் சொல்லுங்க" என்றார்.

"மூணு கால் நிரம்பிவிட்டதுங்க," என்றார் இன்ஜினியர். "பையன்கிட்ட எத்தனை தடவை சொல்லியனுப்பினேன்?"

அய்யன் அவரை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். பகை வந்தது.

அந்த வருஷம் மிளகாய்ச் செடிகள் நின்ற இடத்திலேயே காய்ந்தன. வாழை மடிந்தது. உழவுக்கு ஒரு ஜோடி போதும் என்று கவலை மாடுகளைச் சந்தையில் விற்றோம். பண்ணையாளுக்கு வேலை இல்லாமல் போய், அவர் குடும்பத்தோடு மேட்டூர்ப் பக்கம் பிழைக்கப் போய்விட்டார். போர்மேன் கடைசி நட்டை முடுக்கவைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனான். போகிறபோது அய்யன் கையைப் பிடித்துக் குலுக்கினான். தோட்டம் வறண்டு கிடக்கையில் அய்யன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது அந்தக் கைகுலுக்கலைத்தான்.

இப்போது யுத்தம் நடக்கிறது. பஸ்கள் கரிப்புகையில் ஓடுகின்றன. நான் சேலத்தில் ஒரு ஆபீஸில் இருக்கிறேன். வெள்ளைக்காரன் இன்றைக்குப் போவான், நாளைக்குப் போவான் என்று கடைவீதியில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு எங்கள் கோபுரம்தான் ஞாபகம் வருகிறது. யாராவது வெளியூர்க்காரர் வந்து கிணறு ஏன் இப்படிக் கிடக்கிறது என்று கேட்டால் அய்யன் சொல்கிற பதில் இதுதான்: "எல்லாம் ஒரு கறுப்பன் பண்ணுன வேலைங்க. தொரை தங்கமான மனுசன். அவரு கையில அதிகாரத்தக் குடுத்திருந்தா என்ற கெணறு போயிருக்காது."

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கோபுரத்தில் துரு பிடித்திருக்கிறதா என்று பார்க்க லைன்காரர் ஒருவர் வந்தார். உச்சிவெயில். ஏறி இறங்கி வியர்வையில் நனைந்து, வேப்பமரத்தடிக்கு வந்து, "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றார்.

அய்யன் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினார். "நீங்க என்ன ஆளுங்க?"

நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். பெரிய சொம்பை எடுத்தேன். அன்றைக்கு உள்ளே போனதிலிருந்து அது யாருக்காகவும் வெளியே வரவில்லை. எங்கள் அக்காவின் மாமியார் வந்தபோதுகூட வரவில்லை. கிணற்றில் சேந்திய தண்ணீரை அதில் நிறையப் பிடித்து, லைன்காரர் கையில் கொடுத்தேன். அவர் அண்ணாந்து, உதட்டில் படாமல், ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார்.

"டேய், தொரை குடிச்ச சொம்புடா அது!" என்று அய்யன் கத்தினார்.

"நாயி குடிச்சதுங்கய்யா. நானும் இருந்தேன்."

லைன்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். சொம்பைத் தரையில் மெதுவாக வைத்துவிட்டு, "வாரனுங்க" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்தது. பிறகு அம்மா வந்து சொம்பை இரண்டு விரலால் தூக்கினாள். சாம்பலும் புளியும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். தேய் தேய் என்று தேய்த்தாள். நாய் நக்கிய அன்று தடுத்த அய்யன் இந்த முறை அவளைத் தடுக்கவில்லை.